மேஜையா, அலமாரியா?

நமது இதழில் வரி, தராசு முத்திரை, கடை வாடகை, கழிவு என்றே எழுதி வந்திருக்கிறோம். இம்முறை அமெரிக்காவில் வீட்டுக்குள் விளையாட்டு அறை கட்டுகிறவர்களைப் பற்றியும், அவர்கள் சேர்க்கும் புத்தகங்களைப் பற்றியும் எழுதப் போகிறோம் என்றால், நமக்கு வேறு வேலை இல்லையா என்று உறுப்பினர்கள் கேட்கலாம். கேட்கட்டும். காகிதம், நோட்டு, டைரி என்று மொத்த வியாபாரத்திலேயே நாற்பது வருஷம் உழன்ற நமக்கு, அந்தப் புத்தக வியாபாரம் போன போக்கைப் பார்த்தபோது புதிதாக ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் நம் குடோனில் பார்த்த கதைதான். ஆனால் அங்கே அது ஒரு பெரிய கம்பெனியையே சாய்த்தது.

முதலில் விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறோம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது இதன் மூத்த பெயர். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதை நடத்துகிறவர். நம் ஊர் கூத்து வாத்தியார் மாதிரி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் வாள் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். குகைக்குள் கதவு இருக்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று கதை நடத்துகிறவர் கேட்பார். உதைத்துத் திறக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், கதவு திறந்ததா, கால் உடைந்ததா என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்கிறார்கள். தாயக்கட்டை போல நான்கு பக்கமோ, சாதாரணப் பகடை போல ஆறு பக்கமோ மட்டும் அல்ல, இருபது பக்கம் உள்ள பகடையும் உண்டு. ஜெயித்தவர், தோற்றவர் என்று கிடையாது. இந்த வாரம் விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரம் தொடரலாம். சில கூட்டங்கள் பத்து வருஷம் ஒரே கதையை ஆடிக்கொண்டிருக்கின்றன. விதிகள் எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. அந்தப் புத்தகம்தான் சரக்கு.

இது பிறந்ததும் ஒரு வீட்டில்தான். விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூர். அங்கே கேரி கைகாக்ஸ் என்பவர் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை போன பிறகு செருப்புத் தைத்துப் பிழைத்துக்கொண்டே, வீட்டின் நிலவறையில் மணல் மேஜை போட்டு, பொம்மைப் படை வைத்து நண்பர்களோடு யுத்த விளையாட்டு ஆடியவர். மின்னசோட்டாவில் டேவ் ஆர்னசன் என்ற இளைஞர் அதே மாதிரி ஒரு கூட்டம் வைத்திருந்தார். படையை நடத்துவதற்குப் பதில் ஆளுக்கு ஒரு வீரனை நடத்தினால் என்ன என்பது அவர் கூட்டத்தில் வந்த யோசனை. இருவரும் சேர்ந்து எழுதியதை எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளாததால், 1973-ல் கைகாக்ஸும் டான் கே என்ற நண்பரும் சிறு முதல் போட்டு டி.எஸ்.ஆர். என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1974-ல் 1,000 பெட்டிகள், பெட்டிக்கு மூன்று சிறு புத்தகம், விலை 10 டாலர். வீட்டில் உட்கார்ந்து கையாலேயே பெட்டியில் அடுக்கினார்கள். ஒரு வருஷ காலத்தில் அந்த 1,000 போயிற்று. இன்றைக்கு அந்த முதல் பெட்டி நல்ல நிலையில் கிடைத்தால் சேகரிப்பவர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள்.

கடல் கடந்து அது போன விதமும் நம் உறுப்பினர்கள் ரசிக்கத் தக்கது. லண்டனில் மூன்று இளைஞர்கள், கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்று பெயர் வைத்துக்கொண்டு, கேட்டது ஆறு பெட்டிகள். அந்த ஆறு பெட்டி ஆர்டரிலேயே ஐரோப்பா முழுவதற்கும் ஏக விநியோக உரிமை வாங்கிவிட்டார்கள். கொடுத்தவருக்கும் வேறு ஆள் இல்லை, வாங்கியவருக்கும் கடை இல்லை. 1978-ல்தான் ஹேமர்ஸ்மித்தில் முதல் கடை திறந்தார்கள். பிற்பாடு சொந்தப் பொம்மைப் படை விளையாட்டுக்கு மாறி, 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பெனிகளில் ஒன்றாகிவிட்டது.

இப்போது வியாபாரிக்குத் தோன்றும் கேள்விக்கு வருவோம். இந்தச் சரக்கு தீராது. சோப்பு கரையும், அரிசி வேகும், நோட்டுப் புத்தகம் எழுதித் தீரும். விதிப் புத்தகம் ஒருமுறை வாங்கினால் இருபது வருஷம் ஆடலாம். போதாததற்கு ஐந்து பேர் ஆடும் மேஜையில் கதை நடத்துகிற ஒருவர்தான் பெரும்பாலான புத்தகங்களை வாங்குகிறார். மற்ற நால்வர் ஒரு பென்சிலும் பகடையும் கொண்டு வந்தால் முடிந்தது. வாங்கியவனுக்கே மறுபடி எதை விற்பது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் அலமாரி.

சிகாகோ பக்கம் வேலை பார்க்கும் நம் தங்கை மகன் வீட்டில் அப்படி ஓர் அறையை நேரில் பார்த்தோம். அங்கே வீடுகளுக்கு நிலவறை உண்டு. அதில் 12 அடிக்கு 15 அடி தடுத்து, சுவருக்குப் பலகை அடித்து, விளக்குப் போட்டு, நடுவில் 7 அடி நீள மேஜை. ஒட்டுப்பலகையில் அவனே செய்தது. சுற்றிலும் விளிம்பு உயர்த்தி, உள்ளே பச்சைத் துணி ஒட்டியிருக்கிறான், பகடை உருண்டு கீழே விழாமலிருக்க. ஆறு நாற்காலி. இரண்டு சுவர் நிறைய அலமாரி. கடை வைத்திருப்பவர்கள் சாமான் எடையைக் கண்ணால் பார்த்தே சொல்லுவோம் அல்லவா? அந்தப் புத்தகங்கள் வழுவழுப்பான கனத்த தாளில், கெட்டி அட்டையில், நம் பள்ளிக்கூட அட்லாஸ் அளவில் வருகின்றன. ஐக்கியா என்ற கம்பெனியின் காலக்ஸ் அலமாரியில்தான் பெரும்பாலோர் அடுக்குகிறார்கள். அதன் சதுரக் கட்டம் ஒன்று 13 கிலோதான் தாங்கும் என்று கம்பெனியே சொல்கிறது. கட்டம் நிறைய இந்தப் புத்தகத்தை நெருக்கி அடுக்கினால் அந்த எடையைத் தொட்டுவிடும். நீளத் தட்டு வைத்த மலிவான மரத்தூள் பலகை அலமாரி என்றால் இரண்டே வருஷத்தில் நடுவில் தொங்கிவிடும்.

நிலவறைக்கு இன்னொரு சத்துரு ஈரம். காகித வியாபாரிக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை எந்நேரமும் ஓட விட்டிருக்கிறான். வெளிச் சுவரை ஒட்டி அலமாரி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விட்டிருந்தான். நாம் கிடங்கில் கட்டை போட்டு ரீம் அடுக்குவது போல, தரையிலிருந்தும் தூக்கி வைத்திருந்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்திருந்தது மனதுக்கு நிறைவாக இருந்தது.

சுமார் 300 புத்தகம் இருக்கும். "இதில் எத்தனையை வைத்து ஆடுகிறாய்?" என்று கேட்டோம்.

"ஆறு, மிஞ்சினால் ஏழு, மாமா."

"மீதி?"

"படிக்கத்தான். பாதி இன்னும் படிக்கவும் இல்லை."

இவன் ஒருவன் மட்டும் இப்படி இல்லை. சேகரிப்பவர்களுக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. 1980-ல் தெய்வங்கள், அவதார புருஷர்கள் பற்றி ஒரு புத்தகம் வந்தது. முதலில் அச்சானது 144 பக்கம். வேறொரு கம்பெனிக்கு உரிமம் இருந்த இரண்டு கற்பனைப் புராணப் பகுதிகளைப் பிறகு எடுத்துவிட்டார்கள், 128 பக்கமாயிற்று. அந்தப் பதினாறு பக்கத்துக்காக விலை எகிறுகிறது. 1985-ல் வந்த ஒரு புத்தகத்துக்குப் பசை சரியில்லை. திறந்தால் தாள் தாளாக வரும். ஆகவே தாள் விழாத பிரதிக்கு மதிப்பு. அதாவது அச்சகத்தின் கோளாறு முப்பது நாற்பது வருஷம் கழித்துச் சேகரிப்பவருக்கு லாபமாகிறது. கண்ணாடித்தாள் பிரிக்காத புத்தகத்துக்குத் தனி விலை என்றும் சொன்னான். புத்தகத்தைப் பிரிக்காமலிருப்பதற்கு விலை என்பது நமக்கு ஜீரணமாகவில்லை. ஆனால் பணம் கொடுப்பவர் இருக்கும்போது நாம் என்ன சொல்வது?

அவன் பேச்சில் வந்த ஒரு சங்கதியை மட்டும் நாம் குறித்துக்கொண்டோம். இடையில் இரண்டு வருஷம் நண்பர்களில் மூவர் வேலை மாற்றிக்கொண்டு வேறு ஊர் போய்விட்டதால் ஆட்டம் நின்றிருக்கிறது. அந்த இரண்டு வருஷத்தில் அலமாரிக்கு ஒரு புத்தகம்கூட வரவில்லை. பணம் இருந்தது, இடம் இருந்தது, ஆசையும் இருந்தது என்கிறான். வாங்கத் தோன்றவில்லை. புதிய ஆட்கள் கிடைத்து மேஜை மறுபடி நடந்த பிறகே, படிக்காமல் போகப் போகிற புத்தகங்களையும் மறுபடி வாங்க ஆரம்பித்திருக்கிறான். ஆறு புத்தகம்தான் மேஜைக்கு வேண்டும். ஆனால் அந்த மேஜைதான் முந்நூறு புத்தகத்தை விற்றிருக்கிறது.

டி.எஸ்.ஆர். கம்பெனிக்கு இது தெரியாமல் போயிற்று என்பதே நம் அபிப்பிராயம். 1985-ல் கைகாக்ஸ் தம் கம்பெனியின் பிடியை இழந்தார். அந்தச் சண்டைக்குள் நாம் போகவில்லை. 1990-களில் கம்பெனி சரக்கைப் பெருக்கியது. கதை நடக்கும் கற்பனை உலகம் ஒன்று இருந்தால் போதும் என்கிற விளையாட்டுக்கு, பாலைவன உலகம் ஒன்று, பேய் உலகம் ஒன்று, அரபுக் கதை உலகம் ஒன்று, வானத்தில் கப்பல் ஓட்டும் உலகம் ஒன்று, தெய்வ லோகங்கள் ஒன்று, அரச வம்ச உலகம் ஒன்று என்று 1989 முதல் 1995 வரை வரிசையாக இறக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் பெட்டி, வரைபடம், துணைப் புத்தகங்கள். பார்க்க அழகான பெட்டிகள்தான். சிலவற்றை அடக்க விலைக்கே விற்றிருக்கிறார்கள் என்று பின்னால் கணக்குப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பாலைவனம் ஆடுகிறவன் பேய் உலகப் புத்தகம் வாங்க மாட்டான். ஒரே வாடிக்கைக் கூட்டத்தை ஆறாகப் பிரித்து, ஆறு கடை தாமே வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று போட்டி போட வைத்த மாதிரி ஆயிற்று.

அப்படியும் பல வருஷம் வண்டி ஓடியதற்குக் காரணம் விநியோக ஏற்பாடு. 1979 முதல் ரேண்டம் ஹவுஸ் என்ற பெரிய பதிப்பகம் இவர்கள் சரக்கைப் புத்தகக் கடைகளுக்கு அனுப்பி வந்தது. சரக்கு அவர்கள் கிடங்குக்குப் போனதுமே டி.எஸ்.ஆருக்குப் பணம் வந்துவிடும். கடைக்காரர் விற்காவிட்டால் திருப்பி அனுப்பலாம்; திரும்பினால் வாங்கிய பணம் கடனாகும். ஆகவே பணமுடை வந்தபோதெல்லாம் புதுச் சரக்கை அச்சடித்து அனுப்பினால் கையில் பணம். நம் உறுப்பினர்களுக்கு இந்த வித்தை பழக்கமானதே. பழைய பில்லை அடைக்கப் புதுச் சரக்கு எடுப்பவர்களையும், மார்ச் மாதக் கணக்குக்காகப் பில் போட்டுத் தள்ளிவிட்டு ஏப்ரலில் ரிட்டர்ன் எடுக்கும் கம்பெனிகளையும் நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்!

1996-ல் மூட்டை திரும்பியது. புத்தகத்தோடு, அப்போது ஓடுகிற குதிரை என்று நினைத்து ஏராளமாகச் செய்த பகடை விளையாட்டும் திரும்பியது. அச்சகத்துக்குப் பாக்கி நின்றது. பாக்கி நின்றால் அச்சகம் ஓடாது. 1997 தொடக்கத்தில் மாதக்கணக்கில் ஒரு புத்தகமும் வெளிவரவில்லை. அதே வருஷம், சியாட்டில் பக்கத்தில் 1990-ல் அதுவும் ஒரு வீட்டு நிலவறையில் தொடங்கிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற கம்பெனி டி.எஸ்.ஆரை வாங்கிக்கொண்டது. 1999-ல் அந்தக் கம்பெனியை ஹாஸ்ப்ரோ வாங்கியது.

வாங்கும் முன் கணக்கையும் கிடங்கையும் போய்ப் பார்த்தவர் ரயன் டான்சி. கிடங்கில் கூரை வரை அடுக்கிய சரக்கு இருந்தது. அவ்வளவும் விரைவில் விற்றுவிடும் என்ற மதிப்பில் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. வாடிக்கையாளரை என்ன வேண்டும் என்று கேட்டறிந்ததற்கான ஒரு காகிதம்கூட அங்கு இல்லை என்று அவர் பிற்பாடு எழுதினார். நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தோம். இத்தனைக்கும் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்கள் கூடும் 'ஜென் கான்' திருவிழாவை நடத்திய கம்பெனி அது. எதிரே வந்து நின்ற வாடிக்கையாளரையே கேட்கவில்லை.

புதியவர்கள் வேறு வழி பார்த்தார்கள். 1999-ல் ஆய்வு நடத்தி, யார், எத்தனை பேர், எப்படி ஆடுகிறார்கள் என்று கேட்டார்கள். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில், ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் வாங்கும் மூலப் புத்தகத்தைத் தாங்கள் வைத்துக்கொண்டு, கதைப் புத்தகங்களை யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம் என்று பொது உரிமம் கொடுத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் யார் வேண்டுமானாலும் என்றதும் யார் யாரோ அச்சடித்தார்கள். 2003-ல் விதியைச் சற்று மாற்றிப் புதுப் பதிப்பு வந்தவுடன், கடைகளில் இருந்த அந்தப் புத்தகங்கள் செத்த சரக்காயின. இம்முறை மாட்டிக்கொண்டது கம்பெனி அல்ல, சில்லறைக் கடைக்காரர். 2023 ஜனவரியில் அந்த உரிமத்தையே மாற்றப் போய், ஆட்டக்காரர்கள் சண்டைக்கு வந்து, கம்பெனி பின்வாங்க வேண்டியதாயிற்று.

இடையில் 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு நம் கட்சிக்குச் சாட்சி. அடிப்படை விதிகளை இலவசமாகவே கொடுத்தார்கள். மூலப் புத்தகம் 320 பக்கம், விலை 49.95 டாலர், நம் பணத்தில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல். வருஷத்துக்கு ஐம்பது அறுபது சரக்கு என்று இறக்காமல், தொடக்கத்தில் இரண்டு மூன்று பெரிய புத்தகத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். கடைகளில் வாராவாரம் மேஜை போட்டு ஆட வைக்கும் ஏற்பாட்டை 2010 முதலே நடத்தி வந்தார்கள். 2015 முதல் நடிகர்கள் சிலர் இந்த ஆட்டத்தை ஒளிபரப்ப, ஆடிப் பார்க்காதவர்களும் மேஜைக்கு வந்தார்கள். சரக்கைக் குறைத்து, மேஜையைப் பெருக்கியதில் விளையாட்டு முன் எப்போதும் இல்லாத அளவுக்கு ஓடியது.

அங்கேயும் சில்லறைக் கடைக்காரருக்கு ஆன்லைன் உபத்திரவம் உண்டு. அதே 49.95 டாலர் புத்தகத்தை ஆன்லைனில் கடைக்காரரின் கொள்முதல் விலைக்குப் பக்கத்தில் விற்றார்கள். இதற்குக் கம்பெனி செய்த ஒரு காரியத்தை நம் உற்பத்தியாளர்கள் கவனிக்க வேண்டும். 2016 முதல், புதிய புத்தகத்துக்கு இன்னொரு அட்டை போட்டு, அது தெருவில் உள்ள விளையாட்டுக் கடையில் மட்டுமே கிடைக்கும் என்றார்கள். உள்ளே ஒரே தாள், ஒரே எழுத்து; மேலே வேறு படம். பல புத்தகங்களைச் சிறு கடைகளுக்குச் சில நாள் முன்னதாகவும் கொடுத்தார்கள். நம் தங்கை மகன் பல புத்தகங்களை இரண்டு அட்டையிலும் வைத்திருக்கிறான்! அலமாரிக்கு விற்பது தவறு என்று நாம் சொல்லவில்லை என்பதற்கு இதுவே போதும். மேஜை போட்டு இடம் கொடுத்த கடைக்காரருக்கே அலமாரிச் சரக்கின் லாபமும் போகவேண்டும் என்று செய்த ஏற்பாடு இது. பிற்பாடு அதே கம்பெனி தன் சொந்தத் தளத்தில் நேரடியாக விற்கத் தொடங்கியது வேறு விஷயம். அதைப் பற்றி அங்குள்ள கடைக்காரர்கள் சொல்வதும் நாம் இங்கே சொல்வதும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

சேகரிப்பவர்தானே உத்தம வாடிக்கையாளர், கடன் கேட்பதில்லை, பேரம் பேசுவதில்லை, எதற்கு அவரைப் பற்றிப் பயப்பட வேண்டும் என்று சில உறுப்பினர்கள் வாதிக்கலாம். உண்மைதான், அவரை நாமும் வரவேற்போம். ஆனால் அவர் வாங்குவதை வைத்து எத்தனை அச்சடிப்பது என்று கணக்குப் போட முடியாது. மேஜையில் ஆடுகிறவர் நின்றால் விற்பனை மெதுவாகக் குறையும், நமக்குத் தெரியும். அலமாரிக்காரர் நிறுத்தினால் ஒரே மாதத்தில் நிற்கும். அதோடு, அவர் சேர்த்தது என்றைக்கும் சந்தைக்குத் திரும்பி வரலாம். இன்று அங்கே முதல் தலைமுறைச் சேகரிப்பாளர்களுக்கு வயதாகிறது. அவர்கள் அறையைக் காலி செய்யும்போது, நம் புதுச் சரக்குக்கு அவர்கள் பழைய சரக்கே போட்டி. பழைய புத்தகங்களின் மின்பிரதியைக் கம்பெனியே 2013 முதல் குறைந்த விலைக்கு விற்கிறது. ஆடுவதற்கு அதுவே போதும்.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். டிசம்பரில் டைரி எடுக்கிறோம். அதில் எழுதுகிறவருக்குப் போவது எத்தனை, அன்பளிப்பாகப் போய் மேஜை இழுப்பறையில் தூங்குவது எத்தனை என்று நாம் யாராவது பிரித்துப் பார்த்ததுண்டா? நாம் பார்த்ததில்லை, பக்கத்துக் கடையிலும் பார்க்கவில்லை. எழுதுகிறவர் அடுத்த வருஷம் அதே டைரி கேட்டு வருவார். அன்பளிப்புக்கு வாங்கும் கம்பெனி ஒரு வருஷம் செலவைக் குறைத்தால் ஜனவரி முடிவில் அத்தனையும் எடைக்குப் போகும் காகிதம். பாத்திரக் கடைக்காரர் கல்யாணச் சீருக்குப் போகும் குடத்தையும், தினம் தண்ணீர் பிடிக்கும் குடத்தையும் ஒரே கணக்கில் எழுதுகிறார். பொம்மைக் கடையிலும், துணிக் கடையிலும் இப்படி இரண்டு வகை உண்டு.

ஆகவே, சரக்கு திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி விற்பனைப் பிரதிநிதி இரண்டு மடங்கு இறக்க வரும்போது, கடைக்காரர் மூன்று விஷயம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறோம். திரும்பும் சரக்குக்குப் பணமா, வேறு சரக்கா? எத்தனை நாளுக்குள்? போக்குவரத்து யார் தலையில்? எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மொத்த வியாபாரிகளான நாமும், கடைக்கு அனுப்பியதை விற்பனை என்று பேரேட்டில் எழுதிவிட்டு நிம்மதியாக இராமல், மாதத்தில் ஒருநாள் நாலு கடைக்குப் போய், போன மாதம் அனுப்பியது தட்டில் எத்தனை நிற்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். ஆள் அனுப்பி எண்ணச் சொன்னால் போதாது. கடைக்காரர் சொல்வதை நாமே கேட்க வேண்டும். அடுத்த செயற்குழுவில் டைரி, காலண்டர் ரிட்டர்ன் விதிகளைப் பேச எடுத்துக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டிருக்கிறோம். காகிதப் பிரிவு உறுப்பினர்கள் போன இரண்டு வருஷ ரிட்டர்ன் பில்லை அன்று கையோடு கொண்டு வந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.